பேட்டில் கோடு எண்ணுகிறார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 13 வயதுப் பையனுக்கு 32,000 ரூபாயில் கிரிக்கெட் பேட் தேவையில்லை. வாங்கச் சொல்கிறவர் கோச்சாக இருந்தாலும் சரி, கடைக்காரராக இருந்தாலும் சரி, துபாயில் இருக்கும் தாய்மாமனாக இருந்தாலும் சரி, அவர் சொல்வது தப்பு. இதைப் படித்துவிட்டு ராஜபாளையத்தில் ஒருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவரும் என்மேல் கோபப்படுவார்கள் என்று தெரியும். அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே நான் வழக்கமாக எழுதுவது மில் கதைகளும் பழைய ஊர்க் கதைகளும்தான். "உங்களுக்கு எதுக்கு சார் கிரிக்கெட்?" என்று கேட்பீர்கள். நான் ஆடிய கிரிக்கெட் எல்லாம் வற்றிக் கிடந்த கண்மாயில், தென்னை மட்டையைச் செதுக்கி ரப்பர் பந்தில் ஆடியது. ஆனால் ஒரு நூற்பாலையின் ஸ்டோர்ஸில் 31 வருஷம் இருந்தவன் நான். பாபின், பேரிங், பெல்ட், ஸ்பிண்டில் டேப் என்று வாங்கிக் குவித்தவன். ஒரு சாமானுக்குக் கேட்கிற விலை அது செய்கிற வேலைக்கா, அதன் மினுக்குக்கா என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போட்ட தொழில். அந்தக் கண்ணோடுதான் பேட்டையும் பார்க்கிறேன்.

விஷயம் இதுதான். சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். அவர் பையன் இடது கை ஆட்டக்காரன், நன்றாகவே ஆடுகிறான். ஒரு கோச்சிங் கேம்ப்பில் சேர்த்திருக்கிறார். போன வைகாசியில் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, இங்கிலீஷ் வில்லோ கிரேடு ஒன் பேட் இல்லாம செலக்ஷனுக்கு வந்து நிக்காதன்னு கோச் சொல்லிட்டாரு. மதுரையில கடை பேரும் எழுதிக் குடுத்திருக்காரு. வீட்ல ஒரு சங்கிலி கெடக்கு, பேங்குல வச்சிரலாமான்னு பாக்கேன்" என்றார்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். 32,000. பேட் மட்டும். உறைக்குத் தனிக் காசு.

"தம்பி, பையனுக்கு ஹெல்மெட் எங்க வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"அது கேம்ப்புலயே பொதுவா மூணு கெடக்கு அண்ணாச்சி. மாத்தி மாத்திப் போட்டுக்கிடுவானுவ."

கோபம் எனக்கு அந்தப் பதிலில்தான் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த கிரேடு ஒன் என்பது என்ன என்று பார்ப்போம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். கடையில் இருந்த பையன் மரியாதையான பையன், குறை சொல்ல மாட்டேன். பேட்டை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே காட்டி, "பாருங்க சார், பத்து கிரெய்ன். நூல் பிடிச்ச மாதிரி நேரா ஓடுது. ஒரு கறை கெடையாது" என்றான்.

"எடை எவ்வளவு தம்பி?"

"கையில பிடிச்சுப் பாருங்க சார், பிக்கப் அருமையா இருக்கும்."

"தராசு இருக்கா?"

"தராசெல்லாம் வைக்கிறதில்ல சார்."

"சரி, ஒரு பந்தைத் தட்டிப் பார்க்கலாமா?"

"தட்டுனா மார்க் விழுந்துரும் சார். அப்புறம் யாரு வாங்குவா?"

நம்ம ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா வாங்கப் போனால்கூடக் கடைக்காரர் ஒரு துணுக்கை எடுத்துக் கையில் வைத்து, "சாப்பிட்டுப் பாருங்க" என்பார். அப்புறம் தராசில் வைத்து, முள் நின்றதும் நமக்குக் காட்டிவிட்டுத்தான் கட்டுவார். கால் கிலோ சாமானுக்கு ருசியும் உண்டு, எடையும் உண்டு. 32,000 ரூபாய்ச் சாமானுக்கு ருசியும் இல்லை, எடையும் இல்லை. பத்துக் கோடு இருக்கிறது, எண்ணிக்கொள் என்கிறார்கள்.

அந்தக் கோடு என்ன தெரியுமா? மரத்தின் வயசு. வில்லோ மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும். தேக்கு, வேம்பு அறுக்கும்போது நாம் பார்த்த வளையம்தான். மரத்தைப் பிளந்து பலகை எடுக்கும்போது அந்த வளையங்கள் பேட்டின் முகத்தில் நீளக் கோடாகத் தெரிகின்றன. கோடு நெருக்கமாக இருந்தால் அந்த மரம் மெதுவாக வளர்ந்தது, அகலமாக இருந்தால் வேகமாக வளர்ந்தது, அவ்வளவுதான். பேட் செய்கிறவர்களே என்ன சொல்கிறார்கள் என்றால், கோடு நெருக்கமான பேட் சீக்கிரம் பழகிவிடும், ஆனால் சீக்கிரம் தேய்ந்தும் போகும். கோடு அகலமான பேட் பழகக் கொஞ்ச நாள் எடுக்கும், நீண்ட நாள் உழைக்கும் என்கிறார்கள். அப்படியானால் தறிக்காரர் வீட்டுக்கு எது லாபம்? நீண்ட நாள் உழைப்பது. கடையில் விலை எதற்கு அதிகம்? சீக்கிரம் தேய்வதற்கு!

அடுத்தது கறை. சில வில்லோ பலகையில் சின்னச் சின்னதாகப் பழுப்புப் புள்ளி இருக்கும். அதைப் பட்டாம்பூச்சிக் கறை என்பார்கள். முகத்தில் மரு மாதிரி. அது இருந்தால் கிரேடு இறங்கிவிடும், விலையும் இறங்கிவிடும். பந்துக்கு அந்தக் கறை தெரியுமா? பந்து என்ன பெண் பார்க்கவா வந்திருக்கிறது? ஒரு ஓரத்தில் செவப்பாக வைரம் பாய்ந்திருந்தாலும் அதே கதைதான். கிரேடு என்பது பெரும்பாலும் பலகையைக் கண்ணால் பார்த்துப் போடுகிற மதிப்பெண். அடித்துப் பார்த்துப் போட்டது இல்லை. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மரம் விற்கிறவர்களே ஒளிக்காமல் சொல்வதுதான். நம் ஊர் வரும்போது அந்தப் பாதிப் பேச்சு காணாமல் போய்விடுகிறது.

இங்கிலீஷ் வில்லோ மரம் இங்கிலாந்தில், முக்கியமாக எசெக்ஸ் பக்கத்தில் வளர்கிறது. 15, 20 வருஷத்தில் வெட்டுப் பருவம் வந்துவிடும். பிளந்த கட்டை கப்பலேறி மீரட்டுக்கும் ஜலந்தருக்கும் வருகிறது. (ஜலந்தரில் இந்தத் தொழில் வேரூன்றியது 1947 பிரிவினையில் சியால்கோட்டிலிருந்து வந்தவர்களால். அது தனிக் கதை, இன்னொரு நாள்.) அங்கே காய வைத்து, உருளையில் அழுத்தி, பிரம்புக் கைப்பிடியை ஆப்பு மாதிரி சொருகி ஒட்டுகிறார்கள். அந்தச் சொருகு வேலையை 1880-களில் கண்டுபிடித்தவர் சார்லஸ் ரிச்சர்ட்சன் என்ற ரயில்வே இஞ்சினியர். இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றுக்கு அடியில் சுரங்கப் பாதை போட்டவர். நம்ம ரயில்வே நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இதில் பேட்டின் அடி நிஜமாகவே மாறுகிற இடம் எது? காய்ச்சலும் அழுத்தமும். ஈரம் மிச்சம் இருந்தால் பேட் கனக்கும், பந்து மொத்தென்று விழும். ரொம்பக் காய்ந்தால் வெடிக்கும். உருளையில் அதிகம் அழுத்தினால் பலகை கட்டையாகிவிடும், குறைத்து அழுத்தினால் பந்து துள்ளும், ஆனால் பேட் சீக்கிரம் உடையும். எல்லாம் கையில் இருக்கிறது. ஒரே மரத்தில், ஒரே பட்டறையில் செய்த இரண்டு பேட் இரண்டு விதமாக அடிக்கும். மர பாபின் காலத்தில் ஸ்டோர்ஸில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஸ்பிண்டிலில் மாட்டி வேகம் பிடித்த பிறகுதான் எது நேராக நிற்கிறது, எது ஆடுகிறது என்று தெரியும். அதனால்தான் எந்த சப்ளையர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் ஒரு ஃப்ரேமில் மாட்டி ஓட்டிப் பார்க்காமல் ஆர்டர் போட்டதில்லை.

பேட்டையும் அப்படி ஓட்டிப் பார்த்தோம். ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர் ஒருவர் என் நடைப்பயிற்சிக் கூட்டாளி. அவர் தயவில் பையன்களிடமிருந்து நாலு பேட் வாங்கினோம். ஒன்று காஷ்மீர் வில்லோ, வாங்கின விலை 2,600. மற்ற மூன்றும் இங்கிலீஷ் வில்லோ: 9,000, 18,000, 34,000. நாலும் ஒரே சைஸ், நாலும் நன்றாகப் பழகினவை. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை ஒரு சுற்று சுற்றி, ஸ்டிக்கரும் கோடும் தெரியாமல் மூடினோம். கைப்பிடிக்கும் அதே துணி. பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. மாஸ்டர் லெதர் பந்தை ஒரே தூரத்திலிருந்து போட்டார். ஏழு பையன்கள் ஒவ்வொருவரும் நாலு பேட்டிலும் அடித்தார்கள். எது உயர்ந்த விலை என்று தனித்தனியாக என் காதில் சொல்ல வேண்டும்.

காஷ்மீரை ஏழு பேரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை மறைக்க மாட்டேன். கனமாகவும் இருக்கிறது, கையில் அதிர்வும் அடிக்கிறது என்றார்கள். ஆனால் மற்ற மூன்றில்? நாலு பேர் 9,000 ரூபாய் பேட்டைத்தான் விலை உயர்ந்தது என்றார்கள். இரண்டு பேர் 18,000. ஒரே ஒருவன் 34,000 என்று சரியாகச் சொன்னான். அது அவனுடைய பேட். பிறகு நாலையும் தெரிந்த பால்கோவாக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 9,000 ரூபாய் பேட்தான் நாலிலும் எடை குறைவு. பையன்களின் கை எதைத் தேடியது என்று அப்போது புரிந்தது.

இது லேபில் செய்த சோதனை இல்லை. ஏழு பையன், நாலு பேட், ஒரு சாயங்காலம். சரி. கோடு எண்ணுகிறவர் இந்த அளவு சோதனையாவது செய்தாரா?

இந்த இடத்தில் கோல்ஃபைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இருக்கிற என் தம்பி மகன் வருஷா வருஷம் 'டிரைவர்' மாற்றுகிறான். ராஜபாளையத்தில் டிரைவர் என்றால் லாரி டிரைவர். கோல்ஃபில் முதல் அடியைத் தூரமாக அடிக்கிற பெரிய தலை மட்டைக்கு அந்தப் பேர். (நமக்குப் பக்கத்தில் கொடைக்கானலில் 1895-லிருந்து கோல்ஃப் கிளப் இருக்கிறது. ஏரிக்குப் போகிறவர்கள் பல பேர் அந்தப் பச்சையை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பீர்கள்.) புது டிரைவர் ஒன்று 600 டாலர் வரை வருமாம். ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தைவிடப் பத்து கஜம் கூடுதலாகப் போகும் என்கிற மாதிரிதான் விளம்பரம். அது மட்டும் உண்மையாக இருந்தால் இந்நேரம் கொடைக்கானலில் அடித்த பந்து அய்யனார் கோயில் ஆற்றில் வந்து விழ வேண்டும்.

உண்மை என்ன? டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று கோல்ஃப் விதிக்காரர்கள் 2004-லேயே கட்டிப்போட்டுவிட்டார்கள். முகம் எவ்வளவு ஸ்பிரிங் மாதிரி துள்ளலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. ஒரு சின்ன எஃகுக் குண்டை ஊசல் மாதிரி ஆட்டி முகத்தில் மோதவிட்டு, எத்தனை நேரம் ஒட்டியிருந்து விலகுகிறது என்று மைக்ரோ செகண்டில் அளக்கிறார்கள். 239, அளவுப் பிசகுக்காக இன்னொரு 18, அதைத் தாண்டினால் தள்ளுபடி. பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்தக் கூரையை எப்போதோ தொட்டுவிட்டன. கூரையில் முட்டிய பிறகு வருஷா வருஷம் எங்கே வளர்வது? பந்து நடுவில் படாவிட்டாலும் ரொம்ப விலகாமல் போவதில் கொஞ்சம் முன்னேற்றம் உண்டு, அதை மறுக்கவில்லை. மீதியெல்லாம் பெயிண்டும் பேரும்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் கோல்ஃப்காரன் நம்மைவிடப் பாக்கியசாலி. அங்கே கடையிலேயே ஒரு கருவி இருக்கிறது. மட்டை எந்த வேகத்தில் வந்தது, பந்து எந்த வேகத்தில் கிளம்பியது என்று காட்டிவிடும். மட்டை வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் பந்து கிளம்பினால் அதுதான் உச்சம். பழைய டிரைவரில் ஐந்து அடி, புதியதில் ஐந்து அடி, கணக்குப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எழுந்து வரலாம். என் தம்பி மகன் எழுந்து வருவதில்லை. அது அவன் காசு, அவன் சம்பாத்தியம், வட்டி கிடையாது. இங்கே கருவியும் இல்லை, தராசும் இல்லை, காசும் இல்லை. சங்கிலி மட்டும் இருக்கிறது.

கிரிக்கெட்டிலும் கூரை இல்லாமல் இல்லை. 1771-ல் இங்கிலாந்தில் ஒரு புண்ணியவான் ஸ்டம்ப் அகலத்துக்கே ஒரு பேட்டைச் செய்து எடுத்துக்கொண்டு ஆட வந்துவிட்டான். அதிலிருந்துதான் நாலேகால் அங்குலத்துக்கு மேல் அகலம் கூடாது என்று வந்தது. நீளம் 38 அங்குலம். 1979 டிசம்பரில் டென்னிஸ் லில்லி பெர்த் டெஸ்டில் அலுமினியப் பேட்டோடு இறங்கியது நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கிலாந்து கேப்டன் பிரேர்லி ஆட்சேபிக்க, லில்லி பேட்டைத் தூக்கி எறிந்ததும், பிறகு பேட் மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததும் தெரியும். 2017-ல் ஓரம் 40 மில்லிமீட்டர், கனம் 67 மில்லிமீட்டர் என்று முடிவு கட்டினார்கள். 2025 ஐபிஎல்லில் அம்பயரே மைதானத்தில் சட்டத்தை நுழைத்துப் பேட்டை அளந்ததை டிவியில் பார்த்தீர்கள். ஆக, மரம் ஒன்று, அகலம் ஒன்று, நீளம் ஒன்று, கனமும் ஒன்று. இதற்குள் 9,000 ரூபாய்க்கும் 34,000 ரூபாய்க்கும் நடுவில் எத்தனை ரன் ஒளிந்திருக்க முடியும்?

"பெரிய ஆட்டக்காரங்க எல்லாம் கிரேடு ஒன்தானே வச்சிருக்காங்க" என்று அந்தக் கடைப் பையனும் கேட்டான். வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கவில்லையே தம்பி! கம்பெனி கொடுக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டி ஆடுவதற்குக் கம்பெனிதான் அவர்களுக்குக் காசு கொடுக்கிறது. உள்ளே இருக்கிற பேட்டை வேறொரு பட்டறையில் செய்து, மேலே இந்தக் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டி ஆடுவதும் ஊரறிந்த ரகசியம். அதைப் பார்த்து நாம் ஸ்டிக்கருக்குக் காசு கொடுப்பது, சினிமா நடிகர் குடிக்கிறார் என்று சோடா வாங்குகிற கதை.

பிராட்மேன் சின்னப் பையனாக இருந்தபோது எதில் பழகினார்? ஒரு ஸ்டம்பும் ஒரு கோல்ஃப் பந்தும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பந்தை எறிந்து, அது தாறுமாறாகத் திரும்பி வரும்போது அந்த ஒற்றைக் குச்சியால் அடித்துப் பழகினார். பிறகு டெஸ்டில் அவர் சராசரி 99.94. பெரியவரான பிறகும் எடை குறைந்த பேட்தான் வைத்திருந்தார். 1983 ஃபைனலில் ஸ்ரீகாந்த் எடுத்த 38 ரன்தான் இரண்டு பக்கத்திலும் சேர்த்து அன்றைக்கு அதிகபட்சம். ஆண்டி ராபர்ட்ஸ் பந்தை ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி அடித்தாரே, அந்த பேட்டின் ஓரம் இன்றைய பேட் ஓரத்தோடு ஒப்பிட்டால் பலகை. ஒரே டிவி இருந்த வீட்டில் தெருவே உட்கார்ந்து பார்த்தோம். அந்த பேட்டில் எத்தனை கோடு என்று யாரும் கேட்கவில்லை.

காஷ்மீர் வில்லோவை நம் ஊரில் ரொம்பத்தான் கேவலமாகப் பேசுகிறார்கள். பொதுவாக அது கனமாகவும் இறுக்கமாகவும் இருக்கும், உண்மைதான். ஆனால் 2021 டி20 உலகக் கோப்பையில் ஓமன் அணி ஆட்டக்காரர்கள் காஷ்மீர் பேட்டோடு ஆடினார்கள். உலகக் கோப்பைக்கு ஆகும், நம்ம ஊர் 13 வயசு மேட்சுக்கு ஆகாதா? எடை குறைந்ததாகப் பொறுக்கி எடுத்தால் முதல் இரண்டு வருஷத்துக்குத் தாராளம். டென்னிஸ் பாலில் ஆடுகிற பையன்களுக்கு இங்கிலீஷ் வில்லோவைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

கோச் என்னிடம் ஒரு நாள் போனில் பேசினார். (நான்தான் கூப்பிட்டேன்.) நல்ல பேட் கையில் இருந்தால் பையனுக்குக் கான்ஃபிடன்ஸ் வரும் என்றார். இதில் ஒரு சின்ன நியாயம் இருக்கிறது. புதுச் சட்டை போட்டால் நடை மாறத்தான் செய்யும். ஆனால் அந்தப் பையன் இரண்டு ரன்னில் அவுட்டாகி வரும்போது, அம்மா கழுத்துச் சங்கிலி அவன் கையில் தொங்குகிறதே, அது என்ன கான்ஃபிடன்ஸ்? தூக்கி அடிக்கப் பயப்படுவான். பேட் உடைந்துவிடுமோ என்று யார்க்கரைத் தடுக்கப் பயப்படுவான். மழைத் தூறலில் ஆட மாட்டான். மில்லில் விலை உயர்ந்த ஸ்பேர் வந்தால் ஃபிட்டர் அதைத் தொடவே யோசிப்பான், பழையதையே தட்டித் தட்டி ஓட்டுவான். அதே கதைதான்.

செலக்டர்கள் பேட்டைப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். செலக்டர்களை எனக்குத் தெரியாது. பேட்டைப் பார்த்துப் பையனை எடுக்கிறவர் ஒருவர் இருந்தால் அவரை மாற்ற வேண்டும், பேட்டை இல்லை. கடைசியாக, கடைக்கும் உங்களுக்கும் ஏதாவது உண்டா சார் என்று கேட்டேன். "நீங்க பெரியவர், இப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்றார். இல்லை என்று சொல்லவில்லை. 31 வருஷம் சப்ளையர்களோடு பேசியவனுக்கு அந்த இரண்டு பதிலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

இப்போது ஹெல்மெட். 2014 நவம்பரில் சிட்னியில் பிலிப் ஹியூஸ் என்ற ஆஸ்திரேலிய ஆட்டக்காரர், 25 வயசு, ஹெல்மெட் போட்டிருந்தும் பந்து கழுத்தில் பட்டு விழுந்தார். இரண்டு நாளில் இறந்துபோனார். ஹெல்மெட் மறைக்காத இடத்தில் பட்டது. அதற்குப் பிறகுதான் பின்கழுத்துக்குத் தனிக் காப்பு பரவலாக வந்தது. உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரனுக்கு நடந்தது அது. இங்கே 13 வயசுப் பையனுக்கு 32,000-க்கு பேட், தலைக்கு முப்பது பேர் மாற்றி மாற்றிப் போடுகிற, தாடைப் பட்டை அறுந்த தொப்பி. லெதர் பந்து ஐந்தரை அவுன்ஸ். அது ஸ்டிக்கரைப் பார்த்து வருவதில்லை. தலை அளவுக்குச் சரியான ஹெல்மெட்டும், அடிவயிற்றுக் காப்பும், நல்ல பேடும் கிளவுஸும் வாங்கிவிட்டு மிச்சம் இருப்பதில் பேட் வாங்க வேண்டும். இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறவரை நான் கோச் என்று சொல்ல மாட்டேன்.

பேட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்பீர்கள். நான் மாஸ்டரிடம் கற்றுக்கொண்டது இது. முதலில் சைஸ். நம் வீடுகளில் ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி "வளர்ற பிள்ள, ரெண்டு சைஸ் பெருசாவே எடு" என்று பேட்டிலும் சொல்கிறோம். அதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது. ஐந்தடியைத் தொடாத பையன் பெரியவர்கள் பேட்டைத் தூக்கினால் தோள்தான் போகும், ஆட்டமும் கோணும். அடுத்த வருஷம் சைஸ் மாறும் என்பதற்காகத்தான் இந்த வயதில் விலையைக் குறைத்து வாங்கச் சொல்கிறேன். பிறகு எடை. மேல் கையால் மட்டும் பேட்டைப் பிடித்து, பின்னால் தூக்கி, நேராக இறக்கச் சொல்லுங்கள். பத்து தடவை. மணிக்கட்டு ஆடினால் கீழே வைத்துவிட வேண்டும். பந்தின் வேகத்துக்கு முக்கியக் காரணம் பேட் வருகிற வேகம்தான். தூக்க முடியாத கனத்தில் அந்த வேகம் வராது. இரண்டு பேட் ஒரே எடை இருந்தாலும் ஒன்று கையில் லேசாகத் தோன்றும். கனம் கீழே இறங்கியிருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. அதனால் தராசும் வேண்டும், கையும் வேண்டும்.

அப்புறம் தட்டிப் பார்ப்பது. பழைய லெதர் பந்து ஒன்றைப் பையில் கொண்டுபோங்கள். அடிநுனியிலிருந்து ஐந்தாறு அங்குலம் மேலே மெதுவாகத் தட்டினால் ஒரு தெளிவான சத்தமும், கையில் அதிர்வே இல்லாத ஒரு துள்ளலும் வர வேண்டும். மெதுவாகத் தட்டினால் மார்க் விழாது. தட்ட விடாத கடையில் வாங்காதீர்கள். கைப்பிடி சொருகுகிற இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். கறை இருந்தால் சந்தோஷப்படுங்கள், விலை குறையும்.

வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது. ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகப் பூசி, படுக்கவைத்து, மறுநாள் இன்னொரு தடவை. கைப்பிடிச் சொருகில் படக் கூடாது. அதற்குமேல் மரச் சுத்தியலால் ஆறு மணி நேரமாவது கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிப் பழக்க வேண்டும். ஓரத்தில் சாய்த்துத் தட்ட வேண்டும், நேராக இல்லை. நம்ம ஊர் சித்திரை வெயிலில் பேட்டை மொட்டை மாடியிலோ, வெயிலில் நிற்கிற வண்டியிலோ விட்டால் கிரேடு ஒன்றும் வெடிக்கும், கிரேடு பத்தும் வெடிக்கும். தட்டிப் பழக்காத 34,000-ஐவிடத் தட்டிப் பழக்கிய 9,000 ஒரு சீசன் கூட நிற்கும்.

கேம்ப் நடத்துகிறவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கை உண்டு. எந்தக் கடை, எந்தக் கம்பெனி என்று சீட்டு எழுதிக் கொடுப்பதை நிறுத்துங்கள். ஃபீஸ் வாங்குகிறீர்கள், அது உங்கள் உழைப்புக்கு, அதோடு போதும். இரண்டாவது, பேட் இல்லாததால் ஒரு பையனை நிறுத்தி வைக்காதீர்கள். உங்கள் கிட் பையில் பெரிய பையன்கள் சைஸ் மாறி விட்டுப்போன பேட் எத்தனை கிடக்கிறது என்று எனக்குத் தெரியும், எண்ணியிருக்கிறேன். அதில் கைப்பிடி மாற்றினால் ஆடக்கூடியவை பாதிக்கு மேல்.

பெற்றோர்கள் யாருக்காவது சந்தேகம் இருந்தால், ராஜபாளையத்தில் என் வீடு தெரிந்தவர்கள் வரலாம். எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், 1,100 ரூபாய். பழைய லெதர் பந்து இருக்கிறது, மாஸ்டரும் பெரும்பாலும் இருப்பார். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு நான் ஆண்டாள் கோயிலுக்குப் போய்விடுவேன். பேட்டை வாங்குவதற்கு முன்னால் வாருங்கள். பில் போட்ட பிறகு வந்தால் டீ மட்டும்தான் கொடுக்க முடியும்.